மீன்தொட்டியில் யாருக்கு யார் அண்டை வீட்டார்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அறிவியல் கூடத்தில் இரண்டடி மீன்தொட்டி ஒன்றை வைத்தோம். பத்து நியான் டெட்ரா மீன்களும், ஐம்பது சென் நாணய அளவில் இரண்டு ஏஞ்சல் மீன்களும் வாங்கி விட்டோம். முதல் சில மாதங்கள் எந்தச் சிக்கலும் இல்லை. பிறகு ஒரு திங்கட்கிழமை நியான்கள் ஒன்பதாகியிருந்தன. அடுத்த வாரம் ஏழு. செத்த மீன் தொட்டியிலும் இல்லை, தரையிலும் இல்லை.

மாணவர்கள் கருதுகோள்களை அடுக்கினார்கள். ஃபில்டர் உறிஞ்சியிருக்கும் என்றார் ஒருவர். திறந்து பார்த்தோம், இல்லை. குதித்து வெளியே விழுந்திருக்கும் என்றார் இன்னொருவர். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. கடைசியில் படிவம் 2 மாணவி ஒருவர் கவனித்துச் சொன்னதுதான் விடையாக இருந்தது: “டீச்சர், நியான் குறையுற அன்னைக்கெல்லாம் அந்த ரெண்டு மீனும் காலையில தீனிக்கு வரவே மாட்டேங்குது.”

ஆம், அவற்றுக்குப் பசியில்லை. நாணய அளவில் வந்த ஏஞ்சல்கள் வளர்ந்திருந்தன. இருட்டில் அசையாமல் ஓய்வெடுக்கும் நியான்களை முழுதாக விழுங்கியிருந்தன. அவை கெட்ட மீன்கள் அல்ல. இரையையும் இரைகௌவியையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தது நான். வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகளை நான் கேட்கவில்லை. நீங்களாவது கேளுங்கள். மொத்தம் ஐந்து கேள்விகள்.

1. வளர்ந்தால் எவ்வளவு பெரிதாகும்?

கடையில் இருப்பவை பெரும்பாலும் குஞ்சுகள். ஏஞ்சல் மீன் வளர்ந்தால் 15 செ.மீ. நீளத்தை எட்டும். விரல் நீளத்தில் விற்கப்படும் ஆஸ்கர் 30 செ.மீ. வரை வளரும். நியான் டெட்ராவோ எவ்வளவு வளர்ந்தாலும் 3 அல்லது 4 செ.மீ.தான். ‘வாய்க்குள் நுழைவதெல்லாம் இரை’ என்பதை நினைவில் வையுங்கள். இன்றைய அளவை அல்ல, முழு வளர்ச்சி அடைந்த அளவை ஒப்பிட்டுப் பார்த்தே மீனைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. எந்தத் தண்ணீரில் பிறந்த இனம்?

நம் தீபகற்பத்தின் சதுப்புக் காடுகளில் மக்கும் இலைகளால் ஓடைத் தண்ணீர் பால் கலக்காத தேநீர் நிறத்தில் இருக்கும். அது அமிலத்தன்மை உடையது. தாது உப்புகள் மிகக் குறைந்த மென்னீர். செம்பு நிற உடலில் கறுப்பு முக்கோணம் கொண்ட ஹார்லிகுவின் ராஸ்போரா அத்தகைய ஓடைகளைச் சேர்ந்தது. நியான் டெட்ராவும் அமேசான் பகுதியின் மென்னீர் மீன்தான். கப்பி மீனுக்கோ pH 7க்கு மேற்பட்ட, தாது உப்புகள் நிறைந்த கடின நீர் பிடிக்கும்.

pH 6, pH 8 என்ற எண்களுக்கு இடையே வேறுபாடு இரண்டுதானே என்று எண்ணிவிடாதீர்கள். pH அளவில் ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு. அதாவது pH 6 நீரில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு pH 8 நீரில் உள்ளதைவிட 100 மடங்கு அதிகம். தலைமுறைகளாகத் தொட்டியில் வளர்க்கப்பட்ட மீன்கள் ஓரளவு மாற்றத்தைத் தாங்கும். ஆனாலும் ஒரே வகை நீரை விரும்பும் இனங்களைச் சேர்ப்பதே நல்லது.

வெப்பநிலையும் முக்கியம். தங்கமீன் குளிர்ந்த நீரை விரும்புவது. நம் வீட்டுத் தொட்டி நீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியஸில் இருக்கும். நீர் சூடாகும்போது அதில் கரையக்கூடிய ஆக்சிஜன் குறைகிறது. 20 பாகையில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 பாகையில் 7.5 மில்லிகிராம்தான். தங்கமீன் கழிவும் அதிகம் வெளியேற்றும். அதனால் அதை வெப்பமண்டலச் சிறு மீன்களோடு சேர்க்க வேண்டாம்.

3. அதன் குணம் என்ன?

ஆண் சண்டை மீன் தன் எல்லைக்குள் இன்னொரு ஆணைச் சகிக்காது. ஆண் கப்பியின் நீண்ட வண்ண வாலைக்கூடப் போட்டியாளரின் துடுப்பு என்று நினைத்துத் தாக்கக்கூடும். டைகர் பார்ப் வேறு மாதிரி. யாருடைய துடுப்பு நீளமாக ஆடுகிறதோ அதைக் கடித்துப் பார்க்கும். ஏஞ்சல், கப்பி, சண்டை மீன் மூன்றையும் அதனிடமிருந்து தள்ளியே வைக்க வேண்டும். கிழிந்த துடுப்பில் பூஞ்சையும் பாக்டீரியாவும் தொற்றும். நோய் என்று மருந்து ஊற்றிக்கொண்டிருப்போம். காரணம் பக்கத்திலேயே நீந்திக்கொண்டிருக்கும்.

4. தனியாக வாழுமா, கூட்டமாக வாழுமா?

‘ஒவ்வொரு நிறத்திலும் ஒன்று’ என்று வாங்குவது பலர் செய்யும் தவறு. ராஸ்போரா, டெட்ரா, பார்ப், கோரிடோரஸ் எல்லாம் கூட்டமாக வாழ்பவை. பல மீன்கள் சேர்ந்து நகரும்போது எதிரியால் ஒன்றைக் குறிவைக்க முடியாது. அந்தப் பாதுகாப்பு இல்லாத மீன் மூலையில் ஒளிந்துகொள்ளும், நிறம் மங்கும், சரியாக உண்ணாது, எளிதில் நோய்வாய்ப்படும். ஓர் இனத்தில் ஆறுக்குக் குறையாமல் வாங்குங்கள். டைகர் பார்ப்கூட எட்டு, பத்து எனக் கூட்டமாக இருந்தால் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். பிறரைத் தொல்லை செய்வது குறையும்.

5. எந்த மாடியில் குடியிருக்கும்?

தொட்டியை மூன்று மாடி வீடாக நினைத்துக்கொள்ளுங்கள். மேல் மாடியில் குராமி. காற்றை நேரடியாகச் சுவாசிக்க உதவும் தனி உறுப்பு அதற்கு உண்டு. அதனால் அடிக்கடி மேலே வந்து போகும். நடு மாடியில் ராஸ்போராவும் டெட்ராவும். கீழ் மாடியில் கோரிடோரஸ், கூலி லோச் போன்றவை. மூன்று மாடிக்கும் ஆள் பிரித்து வைத்தால் இடத்துக்கும் தீனிக்குமான போட்டி குறையும். சூழலியல் பாடத்தில் படித்த அதே போட்டிதான் இங்கும்.

ஓர் எடுத்துக்காட்டுத் தொட்டி

60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரமுள்ள தொட்டியின் கொள்ளளவு 64.8 லிட்டர். மணல், கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக ஏறத்தாழ 55 லிட்டர் நீர் இருக்கும். இதில் 8 ஹார்லிகுவின் ராஸ்போரா, 6 கூலி லோச், 1 ஹனி குராமி போதும். மூன்றும் சாதுவானவை, மென்னீரை ஏற்பவை, ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று நுழையாதவை.

கூலி லோச் பாம்புக் குட்டிபோல் இருக்கும். பகலில் ஒளிந்து, இரவில் இரை தேடும். அதற்குக் கூரிய கற்கள் வேண்டாம். மென்மையான மணலும், நுழைந்துகொள்ள ஒரு மரத்துண்டும் வையுங்கள். சிறு இடுக்கு இருந்தாலும் வெளியேறிவிடும் என்பதால் மூடி சரியாகப் பொருந்த வேண்டும். விளக்கை அணைத்த பிறகு, அடியில் மூழ்கும் தீனியை அதற்கெனக் கொஞ்சம் போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத குடிகள்

மீனைவிட முதலில் குடியேற வேண்டியவை பாக்டீரியாக்கள். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அது நஞ்சு. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் நஞ்சுதான், இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் தடுக்கும். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட்டின் தீங்கு மிகவும் குறைவு.

இந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் மணலிலும் பெருக வழக்கமாக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். இன்று தொட்டி, இன்றே மீன் என்றால், ‘ஒரு வாரத்தில் எல்லாம் செத்துப்போச்சு’ என்ற கதைதான். முதலில் ஃபில்டரை ஓடவிட்டு, தினமும் சிட்டிகைத் தீனி போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் ஆனதைச் சோதனைக் கருவியில் உறுதி செய்யுங்கள். பிறகு ஓர் இனம், ஒரு வாரம் கழித்து அடுத்தது எனச் சேருங்கள்.

வாரம் ஒருமுறை கால் பங்கு நீரை மாற்றினால் போதும். குழாய் நீரில் உள்ள குளோரினை மருந்து சேர்த்து நீக்கிய பிறகே ஊற்றுங்கள். குளோரமின் கலந்த நீரை இரவு முழுவதும் திறந்து வைத்தாலும் அது எளிதில் போகாது. மருந்து கட்டாயம் வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் அலசாதீர்கள். தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரில் அலசினால் பாக்டீரியாக்கள் பிழைக்கும்.

ஒத்துவராத மீனை என்ன செய்வது?

பாசி தின்னும் என்று வாங்கும் ‘இக்கான் பண்டாராயா’ உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து செ.மீ.யில் வாங்கிய மீன் 30 செ.மீ.யைத் தாண்டி வளரும். தொட்டி போதாமல் ஆற்றில் விட்டவர்கள் பலர். தென் அமெரிக்காவைச் சேர்ந்த அது இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகிக் கிடக்கிறது. உடல் முழுவதும் எலும்புத் தகட்டுக் கவசம் இருப்பதால் அதை உண்ணும் எதிரிகள் குறைவு. ஆக்சிஜன் குறைந்த அழுக்கு நீரிலும், காற்றை விழுங்கி வயிற்றின் வழியாகச் சுவாசித்துப் பிழைக்கும். கரையில் குழி தோண்டிக் கரையை அரிக்கும். நம் ஆற்று மீன்களின் இடத்தையும் உணவையும் பிடித்துக்கொள்ளும்.

உயிரோடு விடுகிறோமே, புண்ணியம்தானே என்று தோன்றலாம். அந்த ஒரு மீனுக்கு இரக்கம் காட்டும்போது ஆற்றில் உள்ள மற்ற உயிர்களை மறந்துவிடுகிறோம். ஒத்துவராத மீனைக் கடையில் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படைக்கலாம். எங்கள் ஏஞ்சல்கள் இரண்டும் சக ஆசிரியர் ஒருவரின் நான்கடித் தொட்டிக்குப் போயின. மிஞ்சிய நான்கு நியான்களுக்கு மேலும் ஆறு துணை வாங்கினோம். இம்முறை பத்தும் பத்தாகவே இருந்தன.

செய்து பாருங்கள்

மீன் கடைக்குப் போகும்போது பணம் எடுக்காமல், ஒரு தாளும் பேனாவும் மட்டும் எடுத்துப் போங்கள். பிடித்த ஐந்து மீன்களின் பெயரை எழுதுங்கள். வீட்டுக்கு வந்து, ஒவ்வொன்றுக்கும் முழு வளர்ச்சி அளவு, விரும்பும் நீர், குணம், கூட்டம், வாழும் மட்டம் என ஐந்து கட்டங்களை நிரப்புங்கள். பட்டியலில் எவை எவை ஒரே தொட்டியில் சேரும்? சேராதவற்றுக்குக் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்த வாரம் பணத்தோடு போகலாம்.