தேதியை யூகிக்க விடாதீர்கள்

அஸ்தினாபுரத்திலிருந்து மெப்ஸுக்கும் ஓஎம்ஆருக்கும் டேட்டா வேலைக்குப் போகத் தொடங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு, எஸ்க்யூஎல் எழுதியே தலை நரைத்தவன் சொல்லும் சில வார்த்தைகள்.

1. எழுத்தாக வந்ததைத் தேதியாக மாற்றும் முன், அனுப்பியவரிடம் கேளுங்கள்: முதலில் இருப்பது நாளா, மாதமா? நம் தாம்பரம் மாநகராட்சி உருவான 03/11/2021 நமக்கு நவம்பர் 3. அமெரிக்க ஆங்கில அமைப்பில் ஓடும் எஸ்க்யூஎல் சர்வருக்கோ மார்ச் 11.

2. எரர் வரவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 13/11 என்றால், 13ஆவது மாதம் ஏது என்று சர்வர் கத்தும். 12ஆம் தேதி வரை வாயே திறக்காது. நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டுச் சேமித்துவிடும். அதனால் ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாட்களைத் தனியாகச் சரிபாருங்கள்.

3. வடிவத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள். ஆரக்கிள், போஸ்ட்கிரஸ் இரண்டிலும் டூ_டேட், மைஎஸ்க்யூஎல்லில் எஸ்டிஆர்_டூ_டேட், எஸ்க்யூஎல் சர்வரில் கன்வர்ட். நாள்/மாதம்/ஆண்டு என்ற நம் வழக்கத்துக்கு அதில் எண் 103.

4. ஆரக்கிளில் எம்எம் மாதம், எம்ஐ நிமிடம். டூ_சாரில் நிமிடத்துக்கு எம்எம் போட்டால், நவம்பர் மாதம் முழுக்க எல்லா நேரத்திலும் நிமிடம் 11தான்.

5. ஆண்டை நான்கு இலக்கத்தில் கேட்டு வாங்குங்கள். வெறும் 65 என்றால் எஸ்க்யூஎல் சர்வர் வழக்கமாக 1965 என்று எடுத்துக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் 2065 என்று. பென்ஷன் வாங்குபவர் இன்னும் பிறக்காதவர் ஆகிவிடுவார்.

6. தேதி இருக்க வேண்டிய இடத்தில் 45292 கிடந்தால் பதற வேண்டாம். எக்செல் நாட்களை எண்ணி வைத்திருக்கும் கணக்கு அது: 2024 ஜனவரி 1.

7. தேதியாக மாறாத ரெக்கார்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். எஸ்க்யூஎல் சர்வரின் ட்ரை_கன்வர்ட் அவற்றுக்கு 'நல்' தரும். மூல நெடுவரிசையை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றியதைத் தேதி வகையிலேயே வேறொன்றில் சேமியுங்கள். மூலத்தில் மதிப்பு இருந்தும் 'நல்' ஆனவை எத்தனை என்று எண்ணி, அனுப்பியவரிடம் காட்டுங்கள்.

8. தேடும்போது நெடுவரிசையின் மேல் மாற்றும் ஃபங்ஷனைப் போடாதீர்கள். பெரும்பாலும் இண்டெக்ஸ் இருந்தும் பயன்படாது. நவம்பர் கணக்கு வேண்டுமா? நவம்பர் 1 முதல் டிசம்பர் 1க்கு முன்பு வரை என்று கேளுங்கள். 30 வரை என்று முடித்தால், நேரமும் சேர்ந்திருக்கும் நெடுவரிசையில் நள்ளிரவோடு கணக்கு நின்றுவிடும். 30ஆம் தேதிப் பகல் வரவு அத்தனையும் விடுபடும்.