யுனிவர்சல் ஸ்டூடியோஸ்: பிள்ளையின் உயரத்தை அளந்துவிட்டுக் கிளம்புங்கள்

கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூர் கிளம்பும் வாசகர்கள் பலர், செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவற்றில் சில கேள்விகளுக்கு நம் சுற்றுலா ஆலோசகரின் பதில்கள்.

மே மாதம் குடும்பத்தோடு சிங்கப்பூர் போகிறோம். நான், கணவர், 14 வயது மகன், 6 வயது மகள், மாமியார் என ஐந்து பேர். யுனிவர்சலுக்கு ஒரே ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எப்படித் திட்டமிடுவது?
– ஒரு வாசகி, திருச்சி

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மகளைச் செருப்பில்லாமல் சுவரோரம் நிற்கவைத்து உயரத்தை அளந்துவிடுங்கள். உங்கள் நாள் எப்படிப் போகும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். பெரியவர் ஒருவர் துணையிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்கு 102 சென்டிமீட்டரும், ஜுராசிக் பார்க் ரேபிட்ஸுக்கு 107 சென்டிமீட்டரும் போதும். மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125 வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில்தான் இருப்பார்கள். ஒவ்வொரு ரைடின் வாசலிலும் அளவுகோல் உண்டு. ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் உள்ளே விடமாட்டார்கள், கெஞ்சியும் பயனில்லை. இதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். உடம்பைப் பிடித்துக்கொள்ளும் பட்டை அந்த உயரத்துக்குக் கீழே சரியாகப் பொருந்தாது. நாற்பது நிமிடம் வரிசையில் நின்ற குழந்தை வாசல்வரை வந்து அழுதுகொண்டே திரும்புவதுதான் கொடுமை. வீட்டிலேயே அளந்து, "இதெல்லாம் உனக்கு, அதெல்லாம் அண்ணனுக்கு" என்று முன்கூட்டியே பேசி வைத்துவிட்டால் அந்த அழுகை இருக்காது.

அண்ணன் ஏறும் ரைடுகளுக்கு நீங்களும் கணவரும் மாறி மாறித் துணை போகலாம். இதற்கென்றே 'சைல்டு ஸ்விட்ச்' என்றொரு வசதி இருக்கிறது. ஒருவர் குழந்தையோடு காத்திருக்க, மற்றவர் ஏறி இறங்கி வருவார். பிறகு காத்திருந்தவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமலே ஏறலாம். யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள், நுழைவாயிலில் உள்ள ஊழியரிடம் நீங்களே கேட்க வேண்டும்.

தேதி விஷயம் இன்னும் முக்கியம். நம் பிள்ளைகளுக்கு ஏப்ரலிலும் மே மாதத்திலும் விடுமுறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே கடைசியில் தொடங்கி ஜூன் முழுவதும் விடுமுறை. ஆகவே மே முதல் பாதியில், வார நாளாகப் பார்த்துப் போங்கள். அதே டிக்கெட்டில் கூட்டம் எவ்வளவோ குறைவாக இருக்கும். இரவு விமானத்தில் வந்து இறங்கும் நாளில் மட்டும் வேண்டவே வேண்டாம். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது கடிகாரம். தூங்காத பிள்ளையும் வீங்கிய காலோடு மாமியாரும் பன்னிரண்டு மணி வெயிலில் என்ன ரசிக்க முடியும்?

பூங்கா ஒரு குளத்தைச் சுற்றி அமைந்தது. ஹாலிவுட் வழியாக நுழைந்தால் நியூயார்க், சை-ஃபை சிட்டி, பழங்கால எகிப்து, லாஸ்ட் வேர்ல்டு, ஃபார் ஃபார் அவே, மினியன் லேண்டு என்று ஒரு சுற்று வந்து புறப்பட்ட இடத்துக்கே சேர்ந்துவிடலாம். மினியன் லேண்டு 2025 பிப்ரவரியில், முன்பு மடகாஸ்கர் இருந்த இடத்தில் திறக்கப்பட்டது. புதியது என்பதால் அங்கே கூட்டம் மொய்க்கிறது. திறப்பதற்கு அரை மணி முன்பே வாசலில் இருங்கள். உள்ளே போனதும் பாதிப்பேர் செய்கிற தவறு ஹாலிவுட் தெருவில் நின்று படம் எடுப்பது. அந்தத் தெரு மாலையிலும் அங்கேயேதான் இருக்கும். முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் குட்டி வரிசை அன்று மறுபடி கிடைக்காது. உங்கள் மகளுக்காக முதலில் மினியன் மேஹெம். அந்த நேரத்தில் கணவரும் மகனும் எதிர்ப்பக்கமாக சை-ஃபை சிட்டிக்குப் போய் பேட்டில்ஸ்டாரையும் டிரான்ஸ்ஃபார்மர்ஸையும் முடித்துவிடட்டும். பதினொன்றரைக்கு எகிப்தில் சந்தித்துக்கொள்ளுங்கள். குடும்பம் நாள் முழுக்க ஒன்றாகவே நகர வேண்டும் என்ற பிடிவாதம்தான் பல சுற்றுலாக்களைச் சண்டையில் முடிக்கிறது.

மாமியாருக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். கால் நன்றாக இருந்தாலும் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். எகிப்தின் டிரெஷர் ஹன்டர்ஸ் மெல்ல ஓடும் ஜீப். நியூயார்க் பகுதியில் உள்ள செசமி ஸ்ட்ரீட் ரைடும் குலுக்காது. இந்த இரண்டிலும் பாட்டியும் பேத்தியும் சேர்ந்தே உட்காரலாம். அவர் மிகவும் ரசிக்கப்போவது வாட்டர்வேர்ல்டு காட்சிதான்.

தவறவே விடக்கூடாதவை என்று நீங்கள் எவற்றைச் சொல்வீர்கள்?
– கல்லூரி மாணவர், கோவை

எல்லோரும் பேட்டில்ஸ்டார் என்பார்கள். ஒன்றையொன்று துரத்தும் இரட்டை ரோலர் கோஸ்டர் அது, உயரம் 42.5 மீட்டர். சிவப்புத் தண்டவாளம் 'மனிதர்' அணி. உட்கார்ந்தபடி மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் பாயும், தலைகீழாகக் கவிழ்க்காது. 'சைலான்' அணியில் கால்கள் அந்தரத்தில் தொங்க, ஐந்து முறை கவிழ்ப்பார்கள். முதன்முறை என்றால் சிவப்பில் தொடங்குங்கள்.

ஆனால் என் முதல் ஓட்டு மம்மிக்குத்தான். வெளியிலிருந்து பார்த்தால் எகிப்தியக் கோயில், கோஸ்டர் இருப்பதே தெரியாது. உள்ளே கும்மிருட்டு. நின்றது என்று மூச்சு விடும்போது பின்னோக்கி இழுத்துக்கொண்டு போகும். அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்பது கண்ணுக்குத் தெரியாததால், பேட்டில்ஸ்டாரைவிடச் சின்னதாக இருந்தும் வயிற்றைக் கூடுதலாகக் கலக்குகிறது. வேகத்தை மட்டும் நம்பாமல் கதையைக் கட்டி ஆளை நடுங்கவைப்பது ஒரு கலை. அந்தக் கலைக்காகவே தீம் பார்க்குகளை நான் நேசிக்கிறேன்.

இரண்டாவது வாட்டர்வேர்ல்டு. 1995இல் வந்த படத்தை வைத்து உருவாக்கியது. ஜெட் ஸ்கீ சண்டை, தீப்பிழம்பு, கடைசியில் சுவருக்கு மேலாகப் பாய்ந்து வந்து தண்ணீரில் விழும் விமானம். எல்லாம் உங்கள் கண்ணெதிரே நிஜ மனிதர்கள் செய்வது. காட்சி நேரங்கள் ஒரு நாளில் சிலவே. நுழைந்ததும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, இருபது நிமிடம் முன்பே போய் உட்காருங்கள். முன்வரிசையில் நனைவீர்கள். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவது அவர்களுக்கு ஒரு பழக்கம்.

தனியாகவோ நண்பர்களைப் பிரிந்தோ ஏறத் தயார் என்றால் பெரிய ரைடுகளில் 'சிங்கிள் ரைடர்' வரிசையைத் தேடுங்கள். காலி இருக்கையை நிரப்ப ஒற்றை ஆளைத்தான் கூப்பிடுவார்கள். மாணவர்களுக்கு இதைவிட மலிவான குறுக்குவழி கிடையாது.

எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்குவது பணத்தை வீணாக்குவதா?
– ஒரு வாசகர், விருதுநகர்

நாளைப் பொறுத்தது. அதன் விலையும் நாளுக்கு நாள் மாறும். சாதாரணப் பாஸில் ஒவ்வொரு ரைடுக்கும் ஒரே ஒரு முறைதான் குறுக்கு வரிசை. சனி, ஞாயிறு, ஜூன், டிசம்பர் என்றால் வாங்குங்கள், அந்த நாட்களில் அது நியாயமான செலவு. பள்ளி நடக்கும் வார நாளில் வேண்டாம். அந்தப் பணத்தில் குடும்பமே நல்ல சாப்பாடு சாப்பிடலாம்.

மழை வந்துவிட்டால்?
– இல்லத்தரசி, தஞ்சாவூர்

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ள ஊர், பிற்பகலில் இடி மின்னலோடு கொட்டுவது வழக்கம். மழையைவிட மின்னல்தான் சிக்கல். மின்னல் அபாயம் இருந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் பேட்டில்ஸ்டார், ஜுராசிக் ரேபிட்ஸ் போன்றவற்றை முற்பகலிலேயே முடியுங்கள். மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், ஷ்ரெக் 4-டி, செசமி ஸ்ட்ரீட் எல்லாம் கூரைக்குள். இவற்றைப் பிற்பகலுக்கு வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான மழை நீண்ட நேரம் நீடிக்காது, பயந்து வெளியேறிவிடாதீர்கள். மாற்று உடை ஒரு செட், பிளாஸ்டிக் மழைக்கோட்டு, காலைக் கவ்விப்பிடிக்கும் செருப்பு அவசியம். பெரிய ரைடுகளுக்குப் பையை லாக்கரில் வைக்க வேண்டும். குறிப்பிட்ட நேரம் வரை இலவசம், தாண்டினால் கட்டணம். எந்த லாக்கர் என்பதை மறக்காதீர்கள். துப்பட்டா, நீண்ட சங்கிலி இரண்டையும் விடுதியிலேயே விட்டுவிடுவது நல்லது.

சைவம் மட்டுமே சாப்பிடுவோம். வெளியிலிருந்து கட்டிக்கொண்டு போகலாமா? லிட்டில் இந்தியாவில் தங்குகிறோம், வழியும் சொல்லுங்கள்.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், மயிலாடுதுறை

வெளி உணவுக்குப் பூங்காவில் அனுமதியில்லை. குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. காலி தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள், உள்ளே குடிநீர்க் குழாய்கள் இருக்கின்றன. பகல் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிட்டால் இடம் கிடைக்கும். காலையில் லிட்டில் இந்தியாவிலுள்ள சிராங்கூன் சாலையில் இட்லி, பொங்கல் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். இரவுச் சாப்பாட்டையும் அங்கே திரும்பி வந்து சாப்பிடுவதே என் யோசனை.

வழி மிக எளிது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஊதா நிற வடகிழக்கு ரயிலில் ஏறி, கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரண்டில் இறங்குங்கள். வண்டி மாற வேண்டியதில்லை. பலகையில் 'துறைமுக முனை' என்று தமிழிலும் எழுதியிருக்கும். அங்கிருந்து விவோசிட்டி வணிக வளாகத்தின் மேல்தளத்துக்குப் போய் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயிலில் ஒரு நிலையம். நடக்க முடிந்தால் போர்டுவாக் வழியாக நடந்தே தீவுக்குள் போகலாம். ரயில் கட்டணம் தீவுக்குள் நுழையும்போது மட்டுமே, திரும்பி வர எதுவும் கொடுக்க வேண்டாம்.