இரத்தக்குழாயை விரிக்கும் மருந்துகளும் இருதயமும்

உடல் முழுமைக்கும் உதிரம் ஊட்டும் இருதயம், தனக்கு வேண்டிய உதிரத்தைத் தன்மேற் படர்ந்த தமனிகளின் வாயிலாகவே பெறுகின்றது. அதன் இடப்புறத் தசை பெரும்பாலும் தளர்ந்து விரியும் வேளையிலேயே அதனைப் பெறும். அத்தமனிகள் குறுகிடின், உழைக்குங்கால் நெஞ்சில் வலி தோன்றும்.

1867-இல் பிரன்டன் என்னும் வைத்தியர் எடின்பரோ நகரில் அமைல் நைட்ரைட்டின் ஆவியை முகரச்செய்து இவ்வலியைத் தணித்தார். 1879-இல் மரெல் என்பார், வெடிபொருளாகிய நைட்ரோகிளிசரினையே இதற்கு மருந்தாக்கினார்.

தமனி விரிதலால் மட்டுமே வலி தீர்கின்றது என நாம் எண்ணுதல் இயல்பு. ஆயின் நைட்ரோகிளிசரின் சிறப்பாகச் சிரைகளை விரிக்கின்றது. உதிரம் அவற்றிற் தங்க, இருதயத்திற்கு மீளும் அளவு குறையும். அதன் உழைப்பும் பிராணவாயுத் தேவையும் உடன் குறையும். வரவு பெருகுதலினும் செலவு சுருங்குதலே இங்குப் பெரும்பயன் என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

அளவு மிகின் இரத்த அழுத்தம் தாழும். தமனிகளுள் உதிரத்தை உந்தும் விசை குன்றும். நாடி விரைதலால் இருதயத்தின் ஓய்வு வேளையும் சுருங்கும். டைபிரிடமோல் போன்றவை நுண்குழாய்களை விரிக்குங்கால், நலமுற்ற பகுதி உதிரத்தைக் கவர்ந்துகொள்ள, குறுகிய தமனியை நம்பிய பகுதி வாடுதலும் உண்டு. ஆதலின், எக்குழாயை எவ்வளவு விரிப்பது என்றறிந்து கொடுக்கும் மருந்தே உயிர் காக்கும் என நாம் தெளிவோமாக.