ட்ரெட் ஸ்காட் வழக்கு

ரயில்வே வேலையில் மாநிலம் மாநிலமாக மாற்றலாகிச் சென்றவன் நான். எங்கும் குடிமகனாகவே இருந்தேன். அதனால்தான் இவ்வழக்கு என் மனத்தைத் தொட்டது.

அமெரிக்க அடிமை ட்ரெட் ஸ்காட், தம் எஜமானருடன் அடிமைமுறை இல்லாத இல்லினாயில் வாழ்ந்தவர். மிசௌரிக்குத் திரும்பியபின், 1846-இல் அவரும் மனைவி ஹாரியட்டும் விடுதலை கோரி வழக்குத் தொடுத்தனர். 1857 மார்ச் 6 அன்று உச்ச நீதிமன்றம், அடிமை வழிவந்த கறுப்பர் குடிமகனாக முடியாது, வழக்காடவும் உரிமையில்லை என்றது. அரசியல் சட்டம் ஏற்கப்பட்டபோதே ஐந்து மாநிலங்களில் சுதந்திரக் கறுப்பர்க்கு வாக்குரிமை இருந்ததே என்று நீதிபதி கர்ட்டிஸ் மறுத்தார், பயனில்லை.

நீதிமன்றம் தராத விடுதலையைப் பின்னர் உரிமையாளரே தந்தார். மறு ஆண்டே ஸ்காட் மறைந்தார். அம்மண்ணில் பிறந்தோர் குடிமக்களே என்னும் 14-ஆவது திருத்தம் 1868-இல்தான் வந்தது.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நாம், குடியுரிமையின் அருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்போம்.