காற்றைப் பிடித்தால் நீராவி நிற்கும்

நியூயார்க்கின் பழைய அடுக்ககங்களில் ஜனவரிக் குளிரிலும் ஜன்னல்கள் திறந்தே கிடக்கும். வெளியே பனி, உள்ளே புழுக்கம். 1918 இன்ஃப்ளூயன்சாவை ஒட்டிய காலத்தில், ஜன்னலைத் திறந்து வைத்தாலும் வீடு சூடாக இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு ரேடியேட்டர்களைப் பெரிதாகப் போட்டார்கள். அந்த உபரிச் சூட்டை அடக்கத்தான் இன்று ஒவ்வொரு ரேடியேட்டரிலும், அறைச் சூட்டுக்கேற்பத் தானே திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வை மாட்டுகிறார்கள். அது பலன் தராவிட்டால் கருவியில் குறையில்லை. ஒற்றைக் குழாய் நீராவியின் போக்கு தெரியாமல் மாட்டுவதுதான் குறை.

“நீராவி உள்ளே வருகிற குழாயில்தான் வால்வு போட வேண்டும்” என்று பலர் நம்புகிறார்கள். சுடுநீர் ரேடியேட்டருக்கு இது பொருந்தும், இரட்டைக் குழாய் நீராவிக்கும் பொருந்தும். ஒற்றைக் குழாயில் கூடவே கூடாது. நீராவி ஏறுவதும், அது குளிர்ந்து நீராகி இறங்குவதும் அங்கே ஒரே வழியில்தான். அந்த வழியைக் குறுக்கினால் இறங்க வேண்டிய தண்ணீர் ரேடியேட்டருக்குள்ளேயே தேங்கும். அடுத்த முறை நீராவி அதில் மோதும்போது குழாய் படார் படாரென்று இடிக்கும். காற்றை வெளியே விட வேண்டிய ஏர் வென்ட் தண்ணீரைத் துப்பும். தரையோரம் இருக்கும் கைப்பிடி வால்வை முழுக்கத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் முழுக்க மூடுங்கள். பாதி திறப்பது ஆகாது.

தெர்மோஸ்டாட் வால்வுக்கான இடம் எதிர்க்கோடி. கடைசித் தூணின் பாதி உயரத்தில் ஏர் வென்ட் இருக்கும். அதைக் கழற்றி, அந்தத் துளையில் வால்வைத் திருகி, வால்வில் ஏர் வென்ட்டை நிமிர்ந்த நிலையில் பொருத்த வேண்டும். சொம்பைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால், உள்ளிருக்கும் காற்று தண்ணீரை ஏற விடாது அல்லவா? அதே கதைதான் இங்கும். வால்வு காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. காற்று போகாத இடத்துக்குள் நீராவி வராது.

இது புரிந்தால் அடுத்த நம்பிக்கை தானாக விழும். “அறை சூடாகிவிட்டது, வால்வைக் குறைத்தால் உடனே ரேடியேட்டர் ஆறிவிடும்.” ஆறாது. காற்று முழுக்க வெளியேறி நீராவி நிரம்பிய பிறகு, வால்வு பிடித்து வைக்க எதுவும் மிச்சமில்லை. உள்ளே நீராவி நீராகச் சுருங்கச் சுருங்க, பாய்லர் ஓடும்வரை புது நீராவி வந்துகொண்டே இருக்கும். வால்வின் பேச்சு எடுபடுவது பாய்லரின் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்தில்தான். பாய்லர் அணைந்து, ரேடியேட்டருக்குள் மறுபடி காற்று புகுந்திருந்தால்தான் அதற்கு வேலை. மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும் பாய்லரோடு இந்த வால்வைச் சேர்த்துவிட்டு வால்வைக் குறை சொல்வது நியாயமில்லை.

அந்தக் காற்று எப்படி உள்ளே புகும்? நீராவி நீரானால் அதன் கொள்ளளவு ஏறக்குறைய 1,700இல் ஒரு பங்காகிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். வால்வு மூடியிருந்தால் ஏர் வென்ட் வழியாகவும் காற்று வர முடியாது. அந்த வெற்றிடம் அடுத்த சுற்றில் நீராவியை உள்ளே இழுக்கும். வால்வு மூடியிருந்தும் ரேடியேட்டர் கொதிக்கும். காற்றை உள்ளே மட்டும் விட்டு வெளியே விடாத சிறு தடுப்பு ஒன்று இதற்காகவே இருக்கிறது: வேக்குவம் பிரேக்கர். சில வால்வுகளில் அது சேர்ந்தே வரும், சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். சில டாலர் மிச்சம் பிடிக்க இதைத் தவிர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. இது இல்லாமல் அந்த வால்வு வெறும் அலங்காரம்.

“குளிரும் அறைக்கு ஒன்று போட்டால் சூடாகும்” என்பதும் தவறு. இது சூட்டைக் கூட்டாது, குறைக்கத்தான் செய்யும். குளிரும் அறைக்கு முதலில் முதன்மைக் குழாயின் ஏர் வென்ட்களைப் பாருங்கள். பாய்லரின் அழுத்தத்தை ஏற்றுவதும் மருந்தல்ல. வீட்டு நீராவிக்குச் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டுக்கும் குறைவே போதும். பாய்லரை இயக்கும் தெர்மோஸ்டாட் உள்ள அறையில் மட்டும் இந்த வால்வைப் போடாதீர்கள். ஒன்றன் கணக்கை மற்றொன்று கெடுக்கும்.

பொருத்தும்போது பாய்லரை அணைத்து, ரேடியேட்டர் ஆறும்வரை காத்திருங்கள். நீராவிச் சூடு 100 டிகிரி செல்சியஸ். வால்வின் தலை, அதாவது சூட்டை உணரும் பகுதி, படுக்கைவாட்டில் அறையை நோக்கி இருக்கட்டும். ரேடியேட்டருக்கு மூடி போட்டிருந்தால், சூட்டை உணரும் பகுதியைத் தனியே சுவரில் மாட்டும் வகையை வாங்குங்கள். மூடிக்குள் அடைபட்ட தலை, அறை குளிரில் நடுங்கும்போதுகூட, ‘போதும் போதும்’ என்று மூடிக்கொள்ளும்.

ரேடியேட்டர் சூடாகவே இல்லையா? தலையை மட்டும் கழற்றுங்கள். உள்ளிருக்கும் ஊசி வெளியே வந்து வால்வு திறந்துகொள்ளும். இப்போது சூடேறினால் கோளாறு தலையில், அல்லது தலை இருக்கும் இடத்தில். அப்போதும் ஏறவில்லை என்றால், கைப்பிடி வால்வு மூடியிருக்கலாம். ஏர் வென்ட்டின் துளையைப் பெயின்ட் அடைத்திருக்கலாம்.

எப்போதும் கொதிக்கிறதா? ரேடியேட்டர் ஆறியிருக்கும்போது வால்வை மிகக் குறைந்த எண்ணில் வைத்து, பாய்லர் தொடங்கும் நேரத்தில் ஒரு டிஷ்யூ தாளை மரைகளருகிலும் வேக்குவம் பிரேக்கர் அருகிலும் பிடித்துப் பாருங்கள். தாள் அசைந்தால் அங்கே காற்று கசிகிறது. மரையில் என்றால் டெஃப்லான் டேப் சுற்றி இறுக்குங்கள். பிரேக்கரில் என்றால் அதை மாற்றுங்கள். இடிச் சத்தம் மட்டும் தொடர்ந்தால், ரேடியேட்டர் குழாய்ப் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து, எதிர்க்கோடிக் கால்களுக்கு அடியில் மெல்லிய கட்டை கொடுங்கள்.