செட் அப் தெரியுமா என்று கேட்டால்

கொரட்டூரிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கும் பாடிக்கும் முதல் வேலை தேடிக் கிளம்பும் ஐ.டி.ஐ., டிப்ளமோ பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். இன்டர்வியூவில் "கேன் யூ செட் அப் த மெஷின்?" என்று கேட்பார்கள். மெஷினை நன்றாகத் தெரிந்த பிள்ளைகள்கூட அந்த ஒரு கேள்வியில் வாயடைத்துப்போய்த் திரும்பி வருகிறார்கள். எனக்கு அது தாங்கவில்லை.

1. நம் தெருவில் "எல்லாம் செட்டப்பு" என்றால் ஜோடனை, ஏமாற்று. ஷாப்பில் அப்படி இல்லை. வேலை ஓடுவதற்கு முன் எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் கட்டி, சரிபார்த்து, ஓட்டத் தயாராக நிறுத்துவதுதான் அங்கே செட் அப்.

2. "செட் அப் பண்ணுவேன் சார்" என்பதோடு நிறுத்தாதீர்கள். எதை, எப்படி என்று சொல்லுங்கள். மில்லிங்கில் வைஸைக் கட்டியதும், அசையாத தாடையில் டயலை வைத்து டேபிளை நகர்த்துகிறீர்கள். ஒரு கோடு 0.01 மி.மீ. என்றால், இந்த முனையில் பூஜ்யம் காட்டிய முள் அந்த முனையில் ஐந்தாவது கோட்டுக்குப் போனால் வைஸ் 0.05 கோணியிருக்கிறது. போல்ட்டை லேசாகத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டி, முள் அசையாமல் நிற்கும்வரை மறுபடி மறுபடி டயல் பண்ண வேண்டும். சி.என்.சி. என்றால் ஜாப் ஜீரோ எடுத்து ஜி54-இல் ஏற்றுவது, டூல் ஆஃப்செட் போடுவது, முதல் பீஸை ஓட்டி அளந்து ஓகே வாங்குவது. இதை வரிசை பிசகாமல் சொல்கிற பிள்ளையை செட்டர் வேலைக்கு யோசிப்பார்கள். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை, வரிசைதான் முக்கியம்.

3. ஆங்கிலத்தில் சொல்வதானால் ஒன்றைக் கவனியுங்கள். "செட் அப் த மெஷின்", "செட் த மெஷின் அப்" இரண்டும் சரி. ஆனால் 'இட்' வந்தால் அது நடுவில்தான் உட்காரும்: "ஐ செட் இட் அப்". "செட் அப் இட்" தவறு. நேற்று செய்ததற்கும் 'செட்'தான். 'செட்டட்' என்று ஒரு சொல்லே கிடையாது.

4. ஜாப் கார்டில் எழுதும்போது, செய்கிற வேலையாக இருந்தால் இரண்டு சொல். "செட்டப் டைம்" என்று பெயராக வந்தால் சேர்த்து எழுதுங்கள்.

5. புதிதாக ஒன்றை நிறுவுவதற்கும் இதே சொல்தான். 1961-இல் லூகாஸ் டிவிஎஸ்ஸை, 1964-இல் அம்பத்தூர் எஸ்டேட்டை செட் அப் செய்தார்கள் என்று படிப்பீர்கள். மீட்டிங்குக்கும் செட் அப் உண்டு. ஆனால் "ஹீ செட் மீ அப்" என்றால் "என்னை மாட்டிவிட்டான்" என்று அர்த்தம். சூப்பர்வைசரைப் பற்றிப் பேசும்போது இது தெரியாமல் வாயில் வந்துவிடக் கூடாது.

6. அடுத்த கேள்வி பெரும்பாலும் செட்டப் டைமை எப்படிக் குறைப்பாய் என்பதாக இருக்கும். ஜப்பானில் ஷிகியோ ஷிங்கோ டொயோட்டாவின் 1000 டன் பிரஸ்ஸில் டை மாற்றும் நேரத்தை நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவந்தார். மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலையையும், ஓடும்போதே செய்துவிடக்கூடிய வேலையையும் முதலில் பிரித்தார். நீங்களும் அதையே சொல்லுங்கள்: இப்போதைய ஜாபின் கடைசி பீஸ் ஓடும்போதே அடுத்த ஜாபின் டிராயிங், ஜா, இன்சர்ட், கேஜ் எல்லாம் மெஷின் பக்கத்தில் டிராலியில் இருக்கும்.