தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால்

எங்கள் மயூர் விஹார் குடியிருப்பில் மாடி வீட்டில் ஒரு தமிழ்க் குடும்பம். தகப்பனார் மத்திய அரசு அலுவலர். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் படியிறங்கி வந்து, "சார், நீங்கதான் இவளுக்கு எடுத்துச் சொல்லணும். எப்பப் பார்த்தாலும் டி.வி. இஞ்சினியரிங் வேண்டாமாம், டி.வி.யில வேலை பார்க்கணுமாம்" என்றார். ரயில்வேயில் சிக்னல், தொலைத்தொடர்புப் பிரிவில் முப்பத்தெட்டு வருடம் இருந்தவன் ஆகையால், இஞ்சினியரிங்கின் பெருமையைச் சொல்லி நான் அவளை வழிக்குக் கொண்டுவந்துவிடுவேன் என்று நினைத்தார் போலும்.

பெண்ணைக் கூப்பிட்டேன். அவளோ உட்காருவதற்கு முன்பே என்னைக் கேட்டாள்: "மாமா, செய்தியில ஸ்டூடியோவுல கேள்வி கேட்டதும் வெளியூர்ல நிற்கிற நிருபர் உடனே பதில் சொல்லாம தலையை ஆட்டிண்டே நிற்கிறாரே, ஏன்?"

பொழுதுபோக்குக்காகப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றாது. ஒரு காகிதத்தை எடுத்து அவளுக்குக் கணக்குப் போட்டுக் காண்பித்தேன். செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. கேள்வி மேலே போய்க் கீழே வர 72,000 கிலோமீட்டர். ரேடியோ அலையின் வேகம் நொடிக்கு 3,00,000 கிலோமீட்டர். வகுத்தால் ஏறக்குறைய கால் நொடி. பதிலும் அதே வழியில் திரும்பினால் இன்னொரு கால் நொடி. படத்தையும் ஒலியையும் சுருக்கி அனுப்பி மறுபடி விரிப்பதற்கு ஆகும் நேரம் இதற்கு மேல். இன்று பல நிருபர்கள் செயற்கைக்கோள் வண்டி இல்லாமல் மொபைல் இணைப்பு வழியாகவே அனுப்புகிறார்கள். அப்போதும் இந்தச் சுருக்கி விரிக்கும் தாமதம் உண்டு. ஆக, அவர் தலையாட்டுவது புரிந்ததனால் அல்ல. கேள்வி இன்னும் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது!

தகப்பனார் சிரித்துவிட்டார். ஆனால் பிரச்சினை தீரவில்லை.

இந்தச் சமயத்தில் நம் ஊர்ச் சரித்திரத்தையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் தொலைக்காட்சி பிறந்ததே டில்லியில்தான். 1959 செப்டம்பர் 15 அன்று, பாராளுமன்றத் தெருவிலுள்ள ஆகாசவாணி பவனில் ஒரு தற்காலிக ஸ்டூடியோவில், வாரத்தில் இரண்டே நாள் ஒளிபரப்பு என்று சோதனையாகத் தொடங்கியது. 1965-ல் தினசரி ஒளிபரப்பு வந்தது. 1967-ல் விவசாயிகளுக்கான 'கிருஷி தர்ஷன்'. நான் பையனாக இருந்தபோது எங்கள் குவார்ட்டர்ஸில் ஒரே ஒரு வீட்டில்தான் பெட்டி இருந்தது. உரத்தையும் உழவையும் பற்றிய அந்த நிகழ்ச்சியை, நிலமே இல்லாத நாங்கள் பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். பம்பாய்க்கு 1972-லும் சென்னைக்கு 1975-லும்தான் தொலைக்காட்சி போயிற்று. 1982-ல் வண்ணம் வந்தது. அவ்வருடம் ஆசிய விளையாட்டுப் போட்டியைக் கடைவாசலில் நின்று வண்ணத்தில் பார்த்த இரவு, நான் டூட்டிக்குத் தாமதமாகப் போய்த் திட்டு வாங்கினேன்.

பெட்டியில் முகம் தெரிகிறவர்கள் மட்டுமே தொலைக்காட்சி என்று நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள், பெற்றோரும் அப்படியே. ரயில் என்றால் டிரைவரும் டிக்கெட் பரிசோதகரும்தான் என்று நினைப்பதைப் போன்றது இது. ஒரு செய்தி நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் எதிரே காமிராவின் முன் கண்ணாடியில் எழுத்து ஓடும். அதை ஓட்ட ஒருவர். ஸ்டூடியோவுக்குள் விரலைக் காட்டி எண்ணுகிற ஃப்ளோர் மானேஜர். விளக்குக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர். பக்கத்து அறைதான் கண்ட்ரோல் ரூம். ஒரு சுவர் நிறையத் திரைகள், ஒவ்வொரு காமிராவுக்கும் ஒன்று. அவற்றில் இரண்டு முக்கியம்: அடுத்து வரப்போகும் படம் ஒன்றில், இப்போது வெளியே போய்க்கொண்டிருக்கும் படம் மற்றொன்றில். தயாரிப்பாளர் வாயால் சொல்லச் சொல்ல, விஷன் மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் பொத்தானை அழுத்தி மாற்றுகிறார். அத்தனை பேர் காதிலும் அந்த ஒரே குரல் கேட்கும். எங்கள் செக்‌ஷன் கண்ட்ரோலர் போனும் இதே மாதிரிதான்: ஒருவர் பேச, பாதையிலுள்ள எல்லா ஸ்டேஷனும் கேட்கும். தவறான பொத்தானை அழுத்தினால் நாடே பார்க்கும் என்பது மட்டும் வித்தியாசம். எங்கள் தவறுக்கு வேறு விலை.

இதற்கு முன்னால் செய்தி திரட்டுபவர், எழுதுபவர், எடிட் செய்பவர், வரைபடம் போடுபவர். பின்னால் ஒளிபரப்பு இஞ்சினியர். ஆகவே அந்தத் தகப்பனாரிடம் நான் சொன்னேன்: "இஞ்சினியரிங்கா டி.வி.யா என்று ஏன் சார் சண்டை? இரண்டும் சேர்ந்த வேலையும் அங்கே உண்டு." ஆகாசவாணி, தூர்தர்ஷன் பொறியாளர்களுக்குப் பயிற்சி தரும் நிலையம் இதே டில்லியில் கிங்ஸ்வே கேம்ப்பில்தான் இருக்கிறது.

படிப்புக்கும் நாம் ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை. பள்ளி முடித்ததும் இதழியல் பட்டம் படிக்க லேடி ஸ்ரீராம், கமலா நேரு போன்ற டில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் உண்டு. ஏதாவது ஒரு பட்டம் பெற்றபின் சேர, 1965-ல் தொடங்கிய இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம். 1982-ல் ஜாமியா மில்லியாவில் தொடங்கிய மக்கள் தொடர்பு ஆராய்ச்சி மையம். இந்த ஜாமியா மையத்தில்தான் ஷாருக் கான் சேர்ந்தார், படிப்பை முடிக்கவில்லை. (இதைப் பெண்ணிடம் சொன்னது என் தவறு. தகப்பனார் முறைத்தார்.) காமிரா, எடிட்டிங், ஒலி என்று தொழில்நுட்பமாகவே கற்க விரும்பினால் பூனா திரைப்பட, தொலைக்காட்சி நிறுவனம். அதன் தொலைக்காட்சிப் பிரிவு டில்லியில் இயங்கி 1974-ல் பூனாவுக்குப் போனதுதான்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. நிரந்தர உத்தியோகம் குறைவு, ஒப்பந்தம் அதிகம். இரவு வேலை, பண்டிகை நாளிலும் வேலை. ஆரம்பச் சம்பளம் சாஃப்ட்வேர் வேலையோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் குறைவுதான். ஒரு சானல் ஆட்களைக் குறைத்தால் கதவு தட்டித் திரும்பத் தொடங்க வேண்டும். இதையெல்லாம் அவள் முகத்துக்கு நேரே சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

நம் பிள்ளைகளிடம் ஒரு கைமுதல் இருக்கிறது. வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம். மொழி தெரிந்தவனுக்கு ஒலிபரப்பில் எப்போதும் இடமிருந்தது. 1947 ஆகஸ்ட் 15 அன்று சுதந்திரச் செய்தியைத் தமிழில் டில்லியிலிருந்து வாசித்தவர் பூர்ணம் விஸ்வநாதன். பின்னாளில் நாடகத்திலும் சினிமாவிலும் நாம் பார்த்து ரசித்த அதே பூர்ணம். டில்லியிலிருந்து ஒலித்த சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலுக்கு எங்கள் தலைமுறை கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டது. ஆனால் பேச்சுத் தமிழ் மட்டும் போதாது, எழுத்துக் கூட்டாமல் படிக்க வேண்டும். அந்தப் பெண்ணுக்கு 'ழ'கரம் வரவில்லை. இதையும் சொல்லிவிட்டேன்.

நான் ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2007-ல் என் மகள் பி.ஏ. முடித்துவிட்டு மக்கள் தொடர்புப் படிப்புக்கு எழுத்துத் தேர்வில் தேறி, நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது. "ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீடு திரும்புகிற வேலை பெண்ணுக்கு வேண்டாம்" என்று நான் அனுப்பவில்லை. சிக்னல் ஃபெயிலியர் என்றால் நடு இரவில் டார்ச்சோடு தண்டவாளத்தில் நடந்தவன்தான் நான்! இன்று அவள் வங்கியில் நல்ல பதவியில் இருக்கிறாள். குறையொன்றும் சொன்னதில்லை. போன தீபாவளிக்கு வந்திருந்தபோது, பேச்சோடு பேச்சாக, "அப்பா, அன்னிக்கு நீங்க என்னை ஒரு கேள்விகூடக் கேட்கலை. வேண்டாம்னு மட்டும் சொன்னீங்க" என்றாள். அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆகவே மாடி வீட்டுப் பெண்ணுக்கு ஒரு பாடம் கொடுத்தேன். மற்றக் குழந்தைகளும் செய்து பார்க்கலாம். அரை மணி நேரச் செய்தியை ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். நோட்டில், படம் மாறும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு; ஏன் மாற்றினார்கள் என்று பக்கத்தில் ஒரு வரி. மறுநாள் கண்ணை மூடிக்கொண்டு ஒலியை மட்டும் கேட்க வேண்டும். மூன்றாம் நாள், தன் தெருவில் நடந்த ஒரு விஷயத்தை, முப்பது நொடியில் வாசித்து முடிக்கும்படி தமிழில் எழுதிக் கடிகாரம் வைத்து வாசிக்க வேண்டும். ஒரு வாரத்தில் அலுத்துவிட்டால் அவளுக்குப் பார்ப்பதில்தான் ஆசை, செய்வதில் இல்லை என்று தெரிந்துவிடும்.

நேற்று நோட்டோடு வந்தாள். பத்து நாள் கணக்கு. தெருக் குழாயில் தண்ணீர் வராததைப் பற்றி நாலு தடவை திருத்தி எழுதியிருந்தாள். முதலில் ஐம்பத்திரண்டு நொடி, கடைசியில் முப்பத்தொன்று. "அந்த ஒரு நொடி குறையவே மாட்டேங்கறது, மாமா" என்றாள். பின்னாலேயே தகப்பனார். உட்காராமல், கதவைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் காலேஜுக்கெல்லாம் விண்ணப்பம் எப்ப சார் தருவாங்க?" என்று கேட்டார்.